காவடிக்கு வளைத்த ஈவா ஃபோம் ஏன் மறுநாள் விரிந்துவிடுகிறது?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது: வரும் தைப்பூசத்துக்கு உங்கள் அண்ணன் எடுக்கப்போகும் காவடிக்குத் தோள் மெத்தையும், முன்னால் வைக்கும் மயிலின் கழுத்தும் நெஞ்சும் 10 மில்லிமீட்டர் ஈவா ஃபோமில், அதாவது எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கை ஊதிச் செய்த மெத்தென்ற ஷீட்டில், செய்கிறீர்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடாக்கி ஒரு சட்டியின் மேல் வைத்து அமுக்கினால் அப்போதைக்கு வளைகிறது, மறுநாள் காலையில் பாதிக்கு மேல் விரிந்து கிடக்கிறது. எத்தனை டிகிரி வைக்க வேண்டும், மோல்டை, அதாவது வைத்து அமுக்கும் அச்சை, எதில் செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேள்வி டிகிரியைப் பற்றியது என்று தெரிந்தாலும், வளைத்த ஃபோம் ஏன் வளைந்தபடி நிற்க மாட்டேன் என்கிறது என்பதுதான் உங்களுடைய உண்மையான சிக்கல். அதைப் புரிந்துகொண்டால் டிகிரி, மோல்டு எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

நான் பினாங்கில் ஃபோம் வேலையில் பல வருடம் இருந்தவன். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியதிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன, அவற்றைச் சுற்றி பெட்டி, தட்டு, ஃபோம் என்று பொதி செய்யும் சாமான் கொடுக்கும் சின்னக் கடைகளும் பட்டறைகளும் வளர்ந்தன. அந்த மாதிரி ஒரு பட்டறையில் மோல்டு பக்கம்தான் என் வேலை. கருவிகள் வைக்கும் ஈவா பெட்டி, சர்க்கியூட் போர்டு வைக்கும் இளஞ்சிவப்பு ஃபோம் தட்டு, இப்படிப்பட்டவை. காவடிச் சட்டம் எப்படிக் கட்டுவது, பாரம் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் காவடி கட்டுகிறவர்களின் வேலை, அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை. ஃபோமைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. ஈவா ஷீட்டில் பெரும்பகுதி இடத்தை அடைத்திருப்பது வாயுதான். ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள ஷீட் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான் பிளாஸ்டிக், மீதி ஒன்பது பங்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மூடிய அறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் வாயு. அப்படி அடைபட்ட வாயு சூட்டை வேகமாகக் கடத்தாது, ஐஸ் பெட்டிக்குள் ஃபோம் வைப்பதே இதற்காகத்தான். ஹீட் கன்னின் வாயில் வரும் காற்று 300-லிருந்து 600 டிகிரி வரை இருக்கும். அதைக் காட்டினால் மேல்தோல் சில நொடியிலேயே பளபளத்து இளகிவிடும், நீங்களும் சூடாகிவிட்டது என்று அமுக்குவீர்கள், ஆனால் ஷீட்டின் நடுவில் இருக்கும் நாலைந்து மில்லிமீட்டருக்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது. தோல் புது வளைவை ஏற்றுக்கொள்கிறது, நடு இன்னும் தட்டையாகவே இருக்க நினைக்கிறது. இரவு முழுக்க இரண்டும் இழுத்துக்கொண்டு கிடக்கும், காலையில் நடு ஜெயித்திருக்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நடுவுக்குச் சூடு போய்ச் சேரும் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்குக்குப் பக்கத்தில் போகும். ஒரு பக்கம் மட்டும் சூடு காட்டினால், சூட்டுக்கு அந்த ஷீட் இரண்டு மடங்கு தடிமனான ஷீட்தான். அதாவது ஹீட் கன்னால் ஒரு பக்கமாக 10 மில்லிமீட்டரைச் சூடாக்குவதும், இரண்டு பக்கமும் சூடு படும்படி 20 மில்லிமீட்டரைச் சூடாக்குவதும் ஒன்றே. அதனால்தான் 2, 3 மில்லிமீட்டர் ஷீட்டுக்கு ஹீட் கன் அருமையாக வேலை செய்கிறது, இணையத்தில் பார்க்கிற கவசம், முகமூடி செய்கிறவர்கள் எல்லாம் அதை வைத்தே சமாளிக்கிறார்கள், 10 மில்லிமீட்டருக்கு வந்ததும் அதே கருவி கை கொடுப்பதில்லை.

அடுத்தது, நடு வரைக்கும் சூடு போனால் என்ன நடக்கிறது என்பது. ஈவா பிளாஸ்டிக்குக்குள் இரண்டு பிடிமானம் உண்டு. ஒன்று, தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கை வாயுவால் ஊதி ஃபோமாக்கும்போதே வேதியியல் முறையில் போட்ட குறுக்குப் பிணைப்புகள், பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று கட்டும் முடிச்சுகள். இவை சூட்டில் அவிழாது, ஷீட் ஒழுகி ஓடாமல், அறைகள் உடையாமல் காப்பதே இவைதான். இன்னொன்று, சின்னச் சின்ன படிகங்கள், அந்த இழைகள் ஒழுங்காக அடுக்கி இறுகிய இடங்கள். ஆறியிருக்கும்போது ஷீட்டுக்கு விறைப்பைத் தருபவை இவை. சூடு ஏறும்போது படிகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உருகும், பெரும்பாலான ஈவாவில் 70-லிருந்து 100 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். அப்போது ஷீட் வெறும் ரப்பர்தான், எப்படி இழுத்தாலும் வரும், விட்டால் திரும்பிப் போகும். அந்த நேரத்தில் மோல்டுக்குள் பிடித்து வைத்து ஆற விட்டால் படிகங்கள் புது வடிவத்திலேயே மறுபடி உறையும், அந்த உறைதல்தான் உங்கள் வளைவைக் காப்பாற்றுகிறது. ஆக, சூடு வடிவத்தைத் தருவதில்லை, பழைய வடிவத்தை மறக்க வைக்கிறது, அவ்வளவுதான். வடிவம் பிறப்பது ஆறும்போது. பலர் ஓவனுக்கும் ஹீட் கன்னுக்கும் கொடுக்கிற கவனத்தில் கால்வாசியைக்கூட ஆற விடுவதற்குக் கொடுப்பதில்லை, சூடு தணியும் முன்பே ஆர்வத்தில் திறந்து பார்த்துவிடுகிறார்கள். மேல்தோல் கைக்கு ஆறியிருக்கும், நடு இன்னும் 60, 70 டிகிரியில் கிடக்கும். சூடு மெதுவாக உள்ளே போன அதே ஃபோமில் அது வெளியே வருவதும் மெதுவாகத்தான்.

இதனால் ஒரு நல்லதும் உண்டு. உங்களிடம் இப்போது பாதி விரிந்து கிடக்கும் துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். மேல்தோல் கருகியோ சுருங்கியோ இல்லை என்றால், ஓவனில் சீராகச் சூடாக்கி ஒரு தட்டைப் பலகையின் மேல் போட்டால் கிட்டத்தட்ட பழைய ஷீட்டாகவே திரும்பும், மறுபடி மோல்டில் போடலாம். நசுங்கி அறைகள் உடைந்த இடம் மட்டும் எழும்பாது.

ஷீட்டைப் பற்றி. நீங்கள் ஈவா என்று வாங்கியது ஈவாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கடையில் எல்லாவற்றையும் ஸ்பாஞ்ச் என்றே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை நிற, பெரிய அறைகள் தெரியும் மெது ஃபோம் குறுக்குப் பிணைப்பு இல்லாத பாலிஎதிலீன். 110 டிகிரிப் பக்கம் அது உருகும், உருகினால் பிடிக்க ஒன்றும் இல்லாததால் அறைகள் சரிந்து துண்டே சுருங்கிப்போகும். அதிலேயே குறுக்குப் பிணைப்பு போட்ட வகை இருக்கிறது, அறைகள் நுண்ணியதாக, மேல்தோல் வழவழப்பாக இருக்கும். அது ஈவாவைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கும், ஆனால் அழகாக மோல்டாகும். மருத்துவமனைகளில் காலணி உள்தாளுக்கும் உடலைத் தாங்கும் பட்டைகளுக்கும் பயன்படுத்தும் பிளாஸ்டசோட் அந்த வகைதான். சோபாவில் வரும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள். அதையும் மோல்டு பண்ணுகிறார்கள், உள்ளாடைக் கோப்பைகள் எல்லாம் அப்படி வருபவைதான், ஆனால் அதற்குச் சூடாக்கிய அலுமினிய மோல்டும் 200 டிகிரிக்கு அருகில் சூடும் அழுத்தமும் வேண்டும், புகையும் நல்லதல்ல, வீட்டில் செய்கிற வேலை கிடையாது. யோகா பாயில் பல வகை பிவிசி அல்லது ரப்பர் கலந்தது, அவற்றை நம்பி இறங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி 120 டிகிரியில் சில நிமிடம் வையுங்கள். லேசாக ஊதி, தொளதொளத்து, பிறகு ஆறியதும் மறுபடி விறைத்தால் உங்களுக்கு வேண்டிய ஷீட். சுருண்டு சுருங்கினால் வேண்டாம்.

மயிலுக்குப் பாலிஸ்டைரின் வைக்கலாமா என்றும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் அது வேறு வேலை. மணிமணியாகத் தெரியும் கட்டி பாலிஸ்டைரினைச் சூடான கம்பியால் அறுத்துச் செதுக்க வேண்டும், ஓவனில் வைத்து வளைக்க நினைத்தால் 100 டிகிரிப் பக்கத்திலேயே மணிகள் தாறுமாறாகி உருவம் கெடும். ஷீட்டாக வரும் பாலிஸ்டைரின் ஃபோமை மோல்டு பண்ணுவது தொழிற்சாலை வேலை, சாப்பாடு கட்டிக் கொடுத்த வெள்ளைப் பெட்டிகள் அப்படி வந்தவையே. கோலாலம்பூரில் 2017 தொடக்கத்திலிருந்து உணவுக்கு அவற்றைத் தடை செய்துவிட்டார்கள், பினாங்கில் அதற்கும் முன்பே கெடுபிடி. அந்தப் பெட்டிகளில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ஊதிய ஷீட்டை உடனே மோல்டுக்கு அனுப்ப மாட்டார்கள், சில நாள் கிடப்பில் போட்டு, அறைகளுக்குள் காற்று புகுந்து அழுத்தம் நிலைக்கு வந்த பிறகுதான் சூடாக்குவார்கள், அப்போது ஷீட் இரண்டாவது முறையாகக் கொஞ்சம் ஊதிக்கொண்டு மோல்டை நிரப்பும். மேல் மோல்டு, கீழ் மோல்டு என்று இரண்டும் வைத்தே அமுக்குவார்கள், ஏனென்றால் ஃபோமை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் காற்றை உறிஞ்சி இழுத்தால் அடுத்த பக்கம் நினைத்தபடி வராது. உங்களுக்கும் இது பொருந்தும். சட்டி ஒன்று மட்டும் போதாது, மேலிருந்து அதே வடிவத்தில் தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும்.

சரி, ஓவனுக்கு வருவோம். காற்றாடி உள்ள மின் ஓவன் எதுவானாலும் சரி. கேஸ் ஓவன் கூடவே கூடாது, ஃபோமும் திறந்த நெருப்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஃபோமுக்கு வைத்த ஓவனில் பிறகு சமைக்க வேண்டாம், பழைய ஓவன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஓவன் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், 20 டிகிரி வரை முன்னே பின்னே காட்டுவது சாதாரணம், உள்ளே ஒரு தனி வெப்பமானி வையுங்கள். ஷீட்டைத் தகரத் தட்டின் மேல் படுக்க வைக்காமல் கம்பி வலையின் மேல் பேக்கிங் தாள் போட்டு வையுங்கள், அப்போதுதான் இரண்டு பக்கமும் காற்று படும். 120-லிருந்து 130 டிகிரியில் தொடங்குங்கள். 10 மில்லிமீட்டருக்கு நான்கிலிருந்து ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்த எண் உங்கள் ஷீட்டின் அடர்த்தியையும், ஈவாவோடு வேறு என்ன கலந்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்து மாறும், அதனால் கடிகாரத்தைவிட ஷீட்டைப் பாருங்கள். தயாரான ஷீட் கொஞ்சம் பெரிதாகியிருக்கும், அறைக்குள் இருக்கும் வாயு 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும் அல்லவா, அதுதான். கையுறையோடு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் தன் எடையிலேயே மடிந்து தொங்கும், நடுவில் விறைப்பு இருக்காது. இன்னும் நிச்சயம் வேண்டுமானால் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானியை ஓரத்திலிருந்து ஷீட்டின் நடுத் தடிமனுக்குள் செருகிப் பாருங்கள், அது 100 டிகிரியைத் தொட்டால் போதும். மேல்தோல் கண்ணாடி மாதிரி பளபளத்து, ஓரம் சுருண்டு, முகத்தில் சுருக்கம் விழுந்தால் சூடு கூடிவிட்டது, டிகிரியைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். அவசரப்பட்டு 160, 170 வைப்பவர்கள் மறுபடி ஹீட் கன் செய்த அதே கோளாறுக்குத்தான் போய்ச் சேருகிறார்கள்.

புகை விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஈவா 130 டிகிரியில் லேசான புளிப்பு வாடை அடிக்கும், 200 டிகிரியைத் தாண்டினால் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும், கண் எரியும். ஊதுவதற்குச் சேர்த்த வேதிப்பொருளின் எச்சமாகச் சில ஷீட்டுகளில் ஃபார்மமைடு என்ற பொருள் தங்கியிருக்கும். இதற்காகவே 2010-இல் பெல்ஜியம் குழந்தைகள் விளையாடும் புதிர்ப் பாய்களைத் தடை செய்தது, பிறகு ஐரோப்பிய ஒன்றியமே பொம்மைகளுக்கு வரம்பு வைத்தது. அதனால் புது ஷீட்டைப் பொட்டலத்திலிருந்து எடுத்து, வாடை போகும்வரை காற்றோட்டமான இடத்தில் சில நாள் விரித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஓவனை வீட்டுக்குப் பின்னால் திறந்த இடத்திலோ கார் நிறுத்தும் இடத்திலோ வையுங்கள், உள் அறையில் வைக்காதீர்கள். பக்கத்தில் கான்டாக்ட் பசை டின் திறந்து இருக்கக் கூடாது, அதிலிருந்து வரும் ஆவி தீப்பிடிக்கும். ஓவன் ஓடும்போது ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

இனி மோல்டு. தோள் மெத்தைக்கு நான் சொல்லும் வழி, அண்ணனின் தோளையே அச்சாக எடுப்பது. மாவுக்கட்டுத் துணி மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கும். தோளில் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, அதன் மேல் நனைத்த மாவுக்கட்டை நாலைந்து அடுக்கு வைத்து, இறுகியதும் கழற்றி, அந்தக் குழிக்குள் பிளாஸ்டர் ஊற்றினால் தோளின் உருவம் கிடைத்துவிடும். மாவு இறுகும்போது கொஞ்சம் சூடாகும், அதனால் தடித்து அப்பாமல் மெல்லிய அடுக்காக வையுங்கள். முக்கியமானது, அச்சு எடுக்கும்போது அண்ணன் உட்கார்ந்தபடி இருக்கக் கூடாது. காவடியைத் தாங்கி நிற்கும் நிலையில், கைகள் சட்டத்தைப் பிடிக்கும் உயரத்தில் இருக்க, நிமிர்ந்து நிற்க வேண்டும். கையைத் தூக்கினால் தோளின் மேல் தசை எழும்பி வடிவமே மாறிவிடும், தொங்கவிட்ட கையோடு எடுத்த அச்சில் செய்த மெத்தை தூக்கிய தோளில் இரண்டே இடத்தில்தான் தொடும்.

அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 30 கிலோ காவடி என்று வையுங்கள், தோள் ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் மெத்தை முழுக்க ஒட்டி உட்கார்ந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 75 கிராம்தான் விழும். ஈவா அதை எளிதாகத் தாங்கும், தோளும் தாங்கும். மெத்தை சரியாக வளையாமல் இரண்டு விரல் அகலக் கோட்டில் மட்டும் தொட்டால் அதே பாரம் நாலைந்து மடங்காகி அந்தக் கோட்டில் இறங்கும். பத்துமலையில் 272 படி ஏறினாலும், பினாங்கில் தண்ணீர்மலை ஏறினாலும், மணிக்கணக்கில் நடந்து போகிறவரின் தோளில் அது என்ன செய்யும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஃபோமின் தரத்தைவிட அது எவ்வளவு பரப்பில் ஒட்டி உட்காருகிறது என்பதே பெரிய விஷயம். முடிந்தால் இரண்டு அடுக்காகச் செய்யுங்கள்: சட்டத்தின் பக்கம் கெட்டியான ஷீட், தோளின் பக்கம் மெதுவானது. இரண்டையும் தனித்தனியாக மோல்டு பண்ணிப் பிறகு ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு சூடாக்கினால் பசை இளகி அடுக்குகள் வழுக்கும்.

பிளாஸ்டர் மோல்டு நன்றாகக் காய வேண்டும், வெயிலில் இரண்டு மூன்று நாளாவது. ஈரம் இருந்தால் சூடான ஃபோம் தொட்டதும் மேல்தோல் மட்டும் குப்பென்று ஆறிவிடும், வளைவு ஆழமாகப் படியாது. மேல் மோல்டுக்கு மறுபடி பிளாஸ்டர் ஊற்ற வேண்டியதில்லை. தடித்த துணிப்பையில் காய்ந்த மணலை முக்கால்வாசி நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள், அது தானே எந்த வடிவத்துக்கும் படியும், அதன் மேல் பாரம் வைத்துவிடலாம். இன்னொரு வழி, துணி அடுக்கி வைக்கும் காற்று உறிஞ்சும் பை. மோல்டையும் சூடான ஃபோமையும் பைக்குள் வைத்து வீட்டு வாக்குவம் கிளீனரால் காற்றை எடுத்தால், வெளிக்காற்றே எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கும். சாதாரண வாக்குவம் கிளீனர் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தாலே, 30-க்கு 30 சென்டிமீட்டர் பரப்பில் 180 கிலோ அமுக்குவதற்குச் சமம். கையால் அந்த அளவு, அதுவும் சீராக, யாராலும் அமுக்க முடியாது. ஃபோமுக்கும் பைக்கும் நடுவில் ஒரு பருத்தித் துணி போடுங்கள், இல்லையென்றால் பை ஒட்டிக்கொள்ளும். மோல்டின் மேல் கொஞ்சம் முகப் பவுடர் தடவினால் கழற்றுவது சுலபம்.

சூடான ஃபோமை நேராக அண்ணனின் தோளில் வைத்து வளைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பயிற்சி பெற்றவர்கள் மருத்துவமனையில் மெல்லிய, அடர்த்தி குறைந்த ஷீட்டை, துணி உறைக்கு மேல் அப்படிச் செய்வதுண்டு. நடுவில் 100 டிகிரி உள்ள 10 மில்லிமீட்டர் ஈவாவை நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது, வைக்கும்போது தோல் பொறுக்கும், அமுக்கிப் பிடிக்கும்போது உள்ளிருந்து சூடு வந்துகொண்டே இருக்கும்.

மயில் கழுத்தும் நெஞ்சும் வேறு மாதிரிச் சிக்கல். ஒரு திசையில் மட்டும் வளையும் உருவத்துக்கு ஃபோம் நீள வேண்டியதே இல்லை, மடங்கினால் போதும். நெஞ்சு இரண்டு திசையிலும் வளைகிறது, அங்கே ஷீட் சில இடத்தில் நீண்டு மெலிய வேண்டும், சில இடத்தில் சுருங்க வேண்டும், சுருங்கத் தெரியாமல் மடிப்பு விழுந்துவிடும். என் பழக்கம், குழியின் ஆழம் அதன் அகலத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு மேல் போக வேண்டியிருந்தால் உருவத்தை நடுவில் பிளந்து இடது பாதி, வலது பாதி என்று தனித்தனி மோல்டில் எடுத்து ஒட்டுங்கள். அல்லது தையற்காரர் ரவிக்கைக்கு டார்ட் பிடிப்பது போல, மடிப்பு விழும் இடங்களில் முன்கூட்டியே முக்கோணமாக வெட்டி எடுத்துவிட்டு, மோல்டான பிறகு விளிம்புகளைச் சேர்த்து ஒட்டலாம். மயிலில் அந்தத் தையல் கோட்டை இறகு வரிசைக்குள் மறைத்துவிடலாம் என்பதால் உங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. கழுத்து மெலிந்து வளையும் இடத்தில் 10 மில்லிமீட்டர் வேண்டாம், 5 போதும், சூடும் சீக்கிரம் போகும்.

இந்த உருவத்துக்கு மேல் கீழ் இரண்டு மோல்டும் மரத்தில் செய்வதே நல்லது, மரநாரை அமுக்கிச் செய்த எம்டிஎஃப் பலகையை அடுக்கி ஒட்டி, அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். இரண்டையும் மூடினால் நடுவில் நிற்கும் இடைவெளி ஷீட்டின் தடிமனைவிடக் குறைவாக, 10 மில்லிமீட்டருக்கு 7 அல்லது 8 இருக்கும்படி வையுங்கள். அந்தக் கொஞ்ச நசுக்கல்தான் முகத்தைத் தெளிவாக எடுத்துக் கொடுக்கும். வெளி ஓரத்தில் மட்டும் இடைவெளியை 2, 3 மில்லிமீட்டராக்கினால் ஓரம் கெட்டியாகி, சட்டத்தில் கட்டவோ திருகு போடவோ வசதியாக இருக்கும், ஈவா பெட்டிகளின் விறைத்த விளிம்பு இப்படி வருவதுதான். சுவர்களை நேர் செங்குத்தாக விடாமல் நாலைந்து டிகிரி சாய்வு கொடுங்கள். மூலைகளை ஷீட்டின் தடிமன் அளவுக்காவது உருட்டிவிடுங்கள், கூர் மூலையில் ஃபோம் போகாது, போனால் கிழியும். ஆழமான இடங்களில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போட்டுவிடுங்கள், காற்று சிக்கினால் அங்கே பள்ளம் விழும். பாலிடெக்னிக்கில் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறது, அதில் மோல்டு அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்கலாம், ஆனால் அந்த இயந்திரத்தில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். ஃபோமில் எடை குறைவு, அதனால் அது கொண்டுவரும் சூடும் குறைவுதான், தடித்த சுவராக அடித்தால் ஒரு துண்டுக்குத் தாங்கும், அடுத்த துண்டுக்கு முன்னால் மோல்டை முழுக்க ஆற விட வேண்டும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் இன்னும் கொஞ்சம் பரவாயில்லை.

ஓவனிலிருந்து மோல்டுக்குப் போகும் நேரம் பத்து நொடிக்குள் முடிய வேண்டும். மோல்டு, மணல் பை, கிளாம்ப் எல்லாம் ஓவன் பக்கத்திலேயே திறந்து தயாராக இருக்கட்டும், இருவர் இருந்தால் நல்லது. போட்டு மூடிய பிறகு தொடாதீர்கள். அலுமினிய மோல்டில் தண்ணீர் ஓட்டி ஆற வைக்கும் தொழிற்சாலையில் ஒன்றிரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள், மரமும் பிளாஸ்டரும் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும், 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தது 15 நிமிடம் கொடுங்கள், மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள். அவசரம் இல்லையென்றால் அரை மணி நேரம். எடுத்த பிறகும் முதல் இரவு மோல்டின் மேலேயே உட்கார வைத்து, ரப்பர் பட்டையால் லேசாகக் கட்டி வையுங்கள். இவ்வளவு செய்தாலும் துண்டு கொஞ்சம் திறக்கும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும், எவ்வளவு என்பது ஷீட்டுக்கு ஷீட் வேறு. அதனால் முதல் துண்டை அளந்து பார்த்துவிட்டு, வளைவு போதவில்லை என்றால் மோல்டைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்துச் செய்யுங்கள். தொழிற்சாலையிலும் அப்படித்தான், முதல் மோல்டில் அளவு கச்சிதமாக வந்தால் ஆச்சரியப்படுவோம்.

பெயின்ட், பசை பற்றிச் சுருக்கமாக. மோல்டு முடிந்த பிறகுதான் இரண்டும். ஈவாவின் மேல் பெயின்ட் லேசில் பிடிக்காது, வளைந்தால் உரிந்துவிடும், நெகிழும் அடிப்பூச்சு ஒன்று முதலில் வேண்டும். உங்கள் ஹீட் கன்னுக்கு இங்கேதான் சரியான வேலை: பூசுவதற்கு முன் மேல்தோலை வேகமாக ஒரு தடவை சூடு காட்டினால் திறந்திருக்கும் அறைகள் மூடிக்கொண்டு பெயின்ட் குறைவாகக் குடிக்கும். மூடிய அறை ஃபோம் என்பதால் மழையிலும் வியர்வையிலும் பால் கொட்டினாலும் மெத்தை ஊறாது, ஆனால் தோலுக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஒரு பருத்தித் துணி உறை வைத்துத் தையுங்கள், வியர்வை போக வழியில்லாமல் தோல் புண்ணாகிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஈவாவின் படிகங்கள் 50, 60 டிகிரியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இளக ஆரம்பிக்கும். நம்மூர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும். செய்து முடித்த மெத்தையையும் மயிலையும் தைப்பூசத்துக்கு முந்தின நாள் காரில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால், மேலே ஏதாவது பாரமும் இருந்தால், திரும்பி வரும்போது வடிவம் மாறியிருக்கும். கடைசி நிமிடம் வரை வீட்டுக்குள் மோல்டின் மேலேயே இருக்கட்டும். வண்டியில் கொண்டுபோகும்போதும் மேலே எதையும் அடுக்காதீர்கள்.

இப்போதைக்கு மயிலை ஓரமாக வைத்துவிட்டு இடது தோளுக்கு ஒரு மெத்தை மட்டும் செய்யுங்கள், அதை அண்ணன் மாட்டிக்கொண்டு வெறும் சட்டத்தோடு ஒரு மணி நேரம் நடக்கட்டும். தோலில் சிவந்த அடையாளம் எங்கே விழுந்தது என்று பார்த்து, ஷீட்டின் தடிமன், ஓவனில் வைத்த டிகிரி, நேரம், மறுநாள் எவ்வளவு திறந்தது என்ற அளவு, இவற்றோடு எழுதினீர்கள் என்றால் மோல்டில் எங்கே தேய்க்க வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.